கொத்தும் கோழி, கொத்து வாங்கும் கோழி: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான், கோழிகள் ஒன்றையொன்று கொத்திக்கொள்கின்றன என்று. சரி, பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்கிவிடலாம். ஒரு சின்னக் குறை. எத்தனை கோழி, என்ன நிறம், யார் வீட்டிலிருந்து வாங்கியது என்று எல்லாம் எழுதுகிறீர்கள், உடம்பில் எந்த இடத்தில் கொத்து விழுகிறது என்பதை மட்டும் பலர் விட்டுவிடுகிறீர்கள். எனக்கு முதலில் தெரிய வேண்டியது அதுதான்.

ஐயா, எங்களிடம் எட்டு நாட்டுக்கோழியும் ஒரு சேவலும் இருக்கின்றன. தெருநாய்த் தொல்லையால் இப்போது வெளியே விடுவதில்லை, கம்பிவலைக் கூண்டிலேயே இருக்கின்றன. ரேஷன் அரிசியும் மிச்சச் சோறும்தான் தீனி. மூன்று கோழிகளுக்கு வால் அடியில் இறகு போய்த் தோல் சிவப்பாகத் தெரிகிறது. கறுப்புக்கோழி ஒன்று அடுத்ததன் இறகைப் பிடுங்கி விழுங்குவதைக் கண்ணால் பார்த்தேன். அதன் மூக்கை வெட்டிவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வெட்டலாமா? (வாசகி, மணப்பாறை)

வெட்ட வேண்டாம். அதைப் பற்றிக் கடைசியில் ஒரு கேள்வி வருகிறது, அங்கே விவரமாகச் சொல்கிறேன்.

இடத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் பதில் சொல்வது சுலபம். கோழி இரண்டு விதமாகக் கொத்தும். ஒன்று சண்டைக் கொத்து. தலையில், கொண்டையில், பிடரியில் விழும். கொத்துகிற கோழி நிமிர்ந்து நின்று கழுத்து இறகைச் சிலிர்த்துக்கொண்டு மேலிருந்து ஒரே போடாகப் போடும், வாங்கியது கத்திக்கொண்டு ஓடும். யார் பெரியவள் என்கிற தகராறு அது. இன்னொன்று இறகுக் கொத்து. இதில் கோபமே கிடையாது. பின்னாலேயே சாவகாசமாக வந்து, மண்ணில் பூச்சி பொறுக்குகிற அதே தோரணையில், வால் அடியிலோ முதுகிலோ ஒரு இறகைப் பிடித்து இழுக்கும். இழுபடுகிற கோழி பல நேரம் அப்படியே நின்றுகொண்டிருக்கும். உங்கள் கறுப்புக்கோழி செய்வது இதைத்தான். அது ரௌடி இல்லை, வேலையில்லாமல் இருக்கிறது, அதோடு வயிற்றுக்கு ஏதோ போதவில்லை.

வெளியே மேய்கிற கோழி பகலில் பெரும்பகுதியைக் கிளறுவதிலும் கொத்துவதிலும்தான் கழிக்கும். கூண்டில் அரிசியைப் போட்டால் சில நிமிடங்களில் காலி. அதற்குப் பிறகு சாயங்காலம் வரை அலகுக்கு வேலை என்ன? கம்பி, தகரம், அப்புறம் எதிரே ஆடிக்கொண்டிருக்கும் இன்னொரு கோழியின் வால். மண்ணில் கொத்த வேண்டிய கொத்து இறகில் விழுகிறது.

அடுத்தது தீனி. இறகு கிட்டத்தட்ட முழுவதுமே புரதம். முட்டையிடும் கோழிக்குத் தீவனத்தில் 16 முதல் 18 சதவீதம் புரதம் வேண்டும், அரிசியில் இருப்பது ஏழெட்டு சதவீதம்தான். சோறாக வடித்துப் போட்டால் அதிலும் பெரும்பகுதி தண்ணீர். புரதமும் உப்பும் குறைந்த கோழி இறகைத் தின்னப் பழகும். எனவே அரிசியைக் குறைத்துக் கம்போ உடைத்த மக்காச்சோளமோ சேருங்கள், தவிடு கொஞ்சம், புண்ணாக்கு கட்டாயம். கடலைப் புண்ணாக்கில் புரதம் நாற்பது சதவீதத்துக்கு மேல் உண்டு, ஆனால் இறகு வளரத் தேவையான மெத்தியோனின் என்கிற புரதக்கூறு அதில் கம்மி. எள்ளுப் புண்ணாக்கில் அது நிறைய. இரண்டையும் கலந்து போட்டால் ஒன்றின் குறையை மற்றது சரிக்கட்டும். பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு மட்டும் வேண்டவே வேண்டாம், ஈரலைக் கெடுத்துவிடும். உப்பு 100 கிலோ தீவனத்துக்கு 300 கிராம் அளவு போதும், அதிகமானால் விஷம். கருவாட்டுத் தூள் போடுபவர்கள் கருவாட்டை ஊறவைத்து உப்பை இறக்கிக் காயவைத்த பிறகு இடியுங்கள்.

வேலை கொடுப்பதற்குக் காசு செலவில்லை. கூண்டுத் தரையில் நாலு விரல் உயரத்துக்குச் சருகோ வைக்கோலோ நெல் உமியோ பரப்பி, தானியத்தைத் தட்டில் வைக்காமல் அதன் மேல் தூவி விடுங்கள். கிளறித் தேடித் தின்னட்டும். முருங்கைக்கீரையையோ அகத்தியையோ கொத்தாகக் கட்டிக் கோழி எட்டிக் கொத்தும் உயரத்தில் தொங்கவிடுங்கள். கரையான் பானை தெரியும்தானே? பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணி, ஓலைத்துண்டு போட்டு, தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் மறுநாள் காலையில் பானைக்குள் கரையான் மொய்த்துக்கொண்டிருக்கும். கொண்டுவந்து கூண்டில் தட்டுங்கள், புரதமும் ஆச்சு, பொழுதும் போச்சு. ஒரு மூலையில் மண்ணும் அடுப்புச் சாம்பலும் கலந்து குவித்து வையுங்கள், புரண்டு குளிக்கட்டும்.

இடத்தையும் பாருங்கள். ராத்திரி அடைய மட்டும் என்றால் ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி போதும். பகலும் உள்ளேயே என்றால் எட்டிலிருந்து பத்து சதுர அடி வேண்டும். அதற்கு வழியில்லை என்றால், சாயங்காலம் ஒரு மணி நேரமாவது ஆள் பக்கத்தில் நின்றுகொண்டு வெளியே விடுங்கள்.

தோல் சிவந்த மூன்றையும் இன்றைக்கே பிரித்துவிடுங்கள், காரணம் ரத்தம். ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தால் அதுவரை சும்மா இருந்த கோழியும் வந்து கொத்தும். புண்ணைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, மஞ்சள்தூளை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசுங்கள். புண்ணும் ஆறும், ஈயும் முட்டை வைக்காது, கசப்புக்குப் பயந்து கொத்தும் குறையும். பிரிப்பதற்கு அறைக்குள் கொண்டுபோய்ப் பூட்ட வேண்டாம். பஞ்சாரம் என்கிற மூங்கில் கூடையைப் போட்டு அதே கூண்டுக்குள் கவிழ்த்து வைத்தால் மற்றவை பார்த்துக்கொண்டே இருக்கும், திரும்ப விடும்போது புதுச்சண்டை வராது. முளைத்து வரும் குருத்து இறகில் ரத்தம் ஓடும், அது கொத்தக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். எனவே இறகு நன்றாக விரிகிற வரை பொறுங்கள்.

மாடியில் ஐந்து கோழிகள் வளர்க்கிறோம், எல்லாம் ஒன்றாக வளர்ந்தவை. போன ஞாயிற்றுக்கிழமை சந்தையில் இரண்டு புதுக்கோழி வாங்கி உள்ளே விட்டேன். பழையவை சேர்ந்துகொண்டு அவற்றைத் தீனிப் பக்கமே விடுவதில்லை. ஒன்றுக்குக் கொண்டை கிழிந்து ரத்தம். என் மனைவி, பாவம், அழுதுவிட்டாள். (வாசகர், தாம்பரம்)

கொண்டை என்கிறீர்கள், அப்படியானால் இது முதல் வகை, பதவிச் சண்டை. கோழிக் கூட்டத்தில் யார் யாரைக் கொத்தலாம், யாரிடம் வாங்கிக்கொண்டு பேசாமல் போக வேண்டும் என்று ஒரு வரிசை உண்டு. நோர்வேயைச் சேர்ந்த தோர்லீஃப் ஷெல்டெரூப்-எப்பே என்பவர் சிறுவனாக இருந்தபோதே வீட்டுக் கோழிகளைக் கவனித்துக் குறிப்பெடுக்க ஆரம்பித்து, 1921-இல் இதை ஆராய்ச்சியாகவே எழுதினார். வரிசை முடிவாகிவிட்டால் கூட்டம் அமைதியாகிவிடும், மேலே இருப்பது முறைத்தாலே கீழே இருப்பது நகர்ந்துவிடும். புது முகம் வந்தால் மொத்த வரிசையையும் திரும்ப முடிவு செய்ய வேண்டும், இப்போது உங்கள் மாடியில் நடப்பது அதுதான். ஐந்துக்கு இரண்டு என்பதால் அடி பலமாக இருக்கிறது.

முதலில் புது இரண்டையும் வெளியே எடுங்கள். சண்டைக்காக மட்டும் சொல்லவில்லை. சந்தைக் கோழியோடு வெள்ளைக்கழிச்சல் வரலாம், பேன் வரலாம். இரண்டு மூன்று வாரம் தள்ளி வைத்து, எச்சம் எப்படிப் போகிறது, தீனி எடுக்கிறதா, தூங்கி வழிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பழையவற்றின் பக்கமே கொண்டுவர வேண்டும். அதன் பிறகு ஒரு வாரம் நடுவில் வலை கட்டி, பார்க்கலாம் ஆனால் தொட முடியாது என்கிற மாதிரி வையுங்கள். வலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டினாற்போல் தீனித்தட்டை வைத்தால் பக்கத்தில் பக்கத்தில் நின்று தின்னப் பழகும்.

சேர்ப்பதை ராத்திரியில் செய்யுங்கள். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது, பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்காது. இதனால் காலையில் சண்டையே வராது என்று நினைக்காதீர்கள், வரும், ஆனால் வேகம் குறைந்திருக்கும். காலையில் சீக்கிரம் எழுந்து போய்த் தீனியை இரண்டு மூன்று இடங்களில், ஒன்றை நின்று பார்த்தால் இன்னொன்று தெரியாத மாதிரி வையுங்கள். தண்ணீரும் அப்படியே. ஓடி ஒளிய ஒரு பழைய மேசையோ, சாய்த்து வைத்த பலகையோ வேண்டும், மாடியில் நாலு சுவருக்கு நடுவே மாட்டிக்கொள்கிற கோழிதான் அதிகம் அடி வாங்குகிறது. நாலைந்து நாள் விரட்டலும் கொத்தலும் சகஜம். ரத்தம் வராத வரை, தீனியும் தண்ணீரும் எடுக்கிற வரை நீங்கள் நடுவில் போகாதீர்கள். போனால் முடிவாகாமல் இழுத்துக்கொண்டே போகும்.

ஒரே ஒரு கோழி மட்டும் விடாமல் துரத்தித் துரத்தி அடிக்கிறது என்றால், அடி வாங்குகிறதைப் பிரிக்காதீர்கள், அடிக்கிறதைப் பிரியுங்கள். ஒரு வாரம் பத்து நாள் கண்ணில் படாத இடத்தில் வைத்துவிட்டுத் திரும்ப விடும்போது அதன் இடம் போயிருக்கும், புதுசாக வந்தவள் மாதிரி நடுங்கிக்கொண்டுதான் நுழையும். உங்கள் மனைவியிடம் இந்தப் பகுதியைக் காட்டுங்கள், கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

இனி வாங்கும்போது பழையதை ஒத்த வயதில் பார்த்து வாங்குங்கள். ஒன்றை மட்டும் வாங்காமல் இரண்டாக வாங்கியது சரியான காரியம். அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

வாங்கி வந்த கோழிக்குக் கழுத்தில் ஒரு இறகுகூட இல்லை. கொத்தி உதிர்ந்ததா, நோயா? இரண்டு மாதமாக மஞ்சள் பூசியும் முளைக்கவில்லை. (வாசகர், விழுப்புரம்)

முளைக்காது! அது கிராப்புக் கோழி, பிறவியிலேயே அப்படி. குஞ்சாக இருக்கும்போதே கழுத்து மொட்டையாகத்தான் இருக்கும். உடம்பிலும் இறகு குறைவு என்பதால் வெயிலை நன்றாகத் தாங்கும், விழுப்புரத்துக்குப் பொருத்தமான கோழி. மஞ்சளைச் சமையலுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏழு பெட்டைக்கு மூன்று சேவல் நிற்கின்றன. பெட்டைகளுக்கு முதுகு மொட்டையாகிறது. எந்தப் பெட்டையும் கொத்துவதைப் பார்க்கவில்லை. (வாசகி, பொள்ளாச்சி)

பெட்டைகளைச் சந்தேகப்படாதீர்கள், சேவல் மிதிக்கிற மிதி அது. ஏறும்போது பிடரி இறகை அலகால் பிடித்துக்கொண்டு இரண்டு காலாலும் முதுகை மிதிக்கும். முதுகும் பிடரியும் சேர்ந்து மொட்டையானால், அதிலும் இறகு வேரோடு போகாமல் நடுவில் ஒடிந்து தண்டு நின்றால், சேவல்தான். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் தாராளம். ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் என்ன செய்வது என்று நான் சொல்லத் தேவையில்லை, வீட்டில் மிளகு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வைத்துக்கொள்கிற சேவலின் காலில் முள் நீண்டிருந்தால் நுனியை அரத்தால் மழுக்கிவிடுங்கள், பெட்டையின் விலாவைக் கிழித்துவிடும். ஒடிந்த இறகு அடுத்த இறகு உதிர்ப்பு வரை முளைக்காது, அதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

அப்படியே ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் கூண்டின் மர இடுக்குகளையும், கோழியின் பின்பக்க இறகு அடியையும் பாருங்கள். பேன் பின்பக்கத்து இறகு வேரில் கொத்துக் கொத்தாக ஈறு வைத்திருக்கும். செள்ளில் ஒரு வகை பகலில் இடுக்கில் ஒளிந்துகொண்டு ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிக்கும், பகலில் பார்த்தால் கோழியில் ஒன்றுமே இருக்காது. அரிப்பு தாங்காத கோழி தன் இறகைத் தானே பிடுங்கும். சாம்பல் குளியலில் வசம்புத்தூளும் காய்ந்த வேப்பிலைத் தூளும் கலந்து விடுங்கள், மர இடுக்குகளுக்குச் சுண்ணாம்பு அடியுங்கள்.

கொண்டையிலும் கண் ஓரத்திலும் கறுப்புக் கறுப்பாகப் பொருக்கு. சேவல் கொத்தியதாக இருக்குமா? (வாசகர், கோவில்பட்டி)

கொத்துக்காயத்தில் ரத்தம் கசியும், கீறல் மாதிரி நீளமாக இருக்கும். மரு மாதிரி தடித்து எழும்பிப் பொருக்குத் தட்டினால் அது அம்மை. கொசு மூலம் பரவும், ஒன்றுக்கு வந்தால் நிற்காது. உடனே பிரித்து வையுங்கள், வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள், கண் மூடிக்கொண்டால் தீனியை வாயில் ஊட்ட வேண்டியிருக்கும். மற்றவற்றுக்கு அம்மைத் தடுப்பூசி போட கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள்.

இன்குபேட்டரில் பொரித்த ஐம்பது குஞ்சுகளை அட்டைப்பெட்டியில் 100 வாட் பல்புக்கு அடியில் வைத்திருக்கிறேன். நாலாம் நாளிலிருந்து ஒன்றன் கால்விரலை ஒன்று கொத்துகின்றன. இரண்டு குஞ்சு போய்விட்டது. (வாசகர், பெருந்துறை)

வெயில் காலத்தில் பட்டப்பகலில் பெருந்துறையில் 100 வாட் பல்பா! முதல் வாரம் குஞ்சுக்கு 35 டிகிரி போதும், வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். தெர்மாமீட்டர் இல்லையென்றால் குஞ்சையே பாருங்கள். பல்பின் அடியில் குவிந்தால் குளிர், பெட்டியின் ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. பகலில் அணைத்துவிடுங்கள். ராத்திரிக்குச் சிவப்பு பல்பு போடுங்கள், அந்த வெளிச்சத்தில் ரத்தமும் சிவந்த விரலும் கண்ணில் உறுத்தாது. ஐம்பது குஞ்சுக்கு அட்டைப்பெட்டி என்பதும் நெருக்கம்தான், தகரத்தையோ பாயையோ வட்டமாகச் சுற்றி இடத்தை அகலப்படுத்துங்கள். மூலை இல்லாததால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்குவதும் குறையும்.

விரலைக் கொத்துவதற்குப் பசியும் காரணம். குஞ்சுக்குத் தீனித்தட்டு எங்கே என்று உடனே புரியாது. தரையில் காகிதம் விரித்து அதன் மேலேயே தீவனத்தைத் தூவுங்கள், குருணையை மட்டும் போடாமல் புரதம் 20 சதவீதத்துக்கு மேல் உள்ள குஞ்சுத் தீவனம் வாங்குங்கள். பெரிய கோழிக்கு முட்டைக்காகப் போடும் தீவனத்தைக் குஞ்சுக்குப் போடக் கூடாது, அதிலுள்ள சுண்ணாம்புச்சத்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். விரலில் ரத்தம் வந்த குஞ்சை எடுத்துத் தனியாக வையுங்கள்.

இத்தனை நாள் இறக்கைக்குள் வைத்துக் காத்த தாய்க்கோழி இப்போது குஞ்சுகளைக் கொத்தி விரட்டுகிறது. (வாசகி, கும்பகோணம்)

குஞ்சுக்கு இரண்டு மாதம் ஆகியிருக்குமே? அம்மா அடுத்த முட்டைக்குத் தயாராகிவிட்டாள், போய்ப் பிழைத்துக்கொள் என்கிறாள். கோழி மிதித்துக் குஞ்சு சாகாது, இந்தக் கொத்திலும் சாகாது. ராத்திரி அடைய மட்டும் அவற்றுக்குத் தனி இடம் கொடுங்கள்.

முதல் தடவை முட்டையிட்ட விடைக்கோழியின் பின்பக்கத்தை மற்ற கோழிகள் கொத்திக் குடலையே உருவிவிட்டன. பார்க்கவே சகிக்கவில்லை. இனி நடக்காமல் இருக்க என்ன வழி? (வாசகர், நத்தம்)

கொத்தல்களில் மோசமானது இது. முட்டை வெளியே வரும்போது உள்தசை ஈரமாகச் சிவந்து கொஞ்சம் வெளியே வந்து, பிறகு உள்ளே போய்விடும். சில நொடி வேலை. விடைக்கோழிக்கு, அதிலும் கொழுப்பு வைத்த கோழிக்கு அல்லது முட்டை பெரிதாக இருந்தால், உள்ளே போகத் தாமதமாகும். அந்த நேரத்தில் அது வெளிச்சத்தில், மற்றவை பார்க்கிற மாதிரி உட்கார்ந்திருந்தால் ஒன்று கொத்தும், ரத்தம் வரும், மிச்சமெல்லாம் கூடிவிடும்.

எனவே முட்டையிடும் இடம் இருட்டாக இருக்க வேண்டும், இதில் சமரசம் கிடையாது. கூடையையோ பெட்டியையோ சுவர்ப்பக்கம் திருப்பி வைத்து, வாய்க்குச் சாக்குத்துணி தொங்கவிடுங்கள். நாலைந்து கோழிக்கு ஒரு பெட்டி. ஒரே பெட்டிக்கு வரிசையில் நிற்க வைத்தால் ஏதாவது ஒன்று வெட்டவெளியில் உட்கார்ந்துவிடும். பூனைக்குப் பயந்து ராத்திரி முழுவதும் பல்பு எரியவிடுகிறவர்கள் அதை நிறுத்துங்கள், அளவுக்கு மீறிய வெளிச்சம் விடைக்கோழியைச் சீக்கிரமே முட்டைக்குத் தள்ளும், கொத்தும் புத்தியையும் கூட்டும். பூனைக்குத் தாழ்ப்பாள் போதும்.

தசை வெளியே தள்ளியிருப்பதை முன்னாலேயே பார்த்துவிட்டால் கோழியை எடுத்துக் குளிர்ந்த நீரில் கழுவி, விரலில் தேங்காயெண்ணெய் தொட்டு மெதுவாக உள்ளே தள்ளி, இருட்டான இடத்தில் தனியாக வையுங்கள். திரும்பத் திரும்ப வெளியே வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

நாமக்கல் பண்ணைகளில் எல்லாக் குஞ்சுக்கும் மூக்கு வெட்டுகிறார்களே, வீட்டில் மட்டும் ஏன் கூடாது? (வாசகர், ராசிபுரம்)

அங்கே கூண்டில் நெருக்கமாக ஆயிரக்கணக்கில் வளர்கின்றன, தீவனம் மாவாக முன்னாலேயே வந்து விழுகிறது, நுனி போன அலகாலும் அள்ளிக்கொள்ளலாம். அதையும் பிறந்த முதல் சில நாட்களில் அதற்கென்று இருக்கிற கருவியில் செய்கிறார்கள். ஸ்வீடன், நோர்வே போன்ற நாடுகளில் இதைச் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள். அலகு நகம் மாதிரி செத்த பொருள் இல்லை, உள்ளே எலும்பும் நரம்பும் ரத்தமும் இருக்கின்றன. வளர்ந்த கோழிக்கு வீட்டில் பிளேடையோ கத்தரியையோ நெருப்பில் காய்ச்சி வெட்டினால் நாள்பட்ட வலி வரும், தீனியைக் குறைக்கும், முட்டை நின்றுவிடும். மேய்ந்து பிழைக்க வேண்டிய கோழிக்கு அலகுதான் கை. அது இல்லாமல் கரையானைப் பொறுக்க முடியாது, தன் இறகில் இருக்கும் பேனை எடுக்கக்கூட முடியாது. பேன் பெருகினால் அரிப்பு, அரிப்பு வந்தால் மறுபடி பிடுங்கல்.

இந்தத் தொல்லைக்கு மனிதர்கள் என்னென்னவோ செய்து பார்த்திருக்கிறார்கள். 1903-இல் அமெரிக்காவில் ஒருவர் கோழிக்கு மூக்குக்கண்ணாடி செய்து காப்புரிமையே வாங்கினார், கண்ணில் கொத்து விழாமல் இருக்க. பின்னால் சிவப்புக் கண்ணாடி போட்டதும் வந்தது, ரத்தம் தெரியக் கூடாது என்பதற்காக. ராசிபுரத்தில் அதெல்லாம் தேவைப்படாது. அலகு நுனி ஊசியாக வளைந்து காயம் போடுகிறது என்றால், தீனியைத் தட்டில் வைக்காமல் கொஞ்ச நாள் பழைய அம்மிக்கல்லில், நன்றாகக் கொத்திய சொரசொரப்பான கல்லில், பிசைந்து அப்பி வையுங்கள். கொத்திக் கொத்தி நுனி தானே மழுங்கிவிடும்.